ஆரணியில் ஒரு கப்பல் வழக்கு

2006, மார்ச் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்காலுக்குக் கோயம்பேட்டில் பேருந்து ஏறினேன். ஆரணி வண்டி நிற்கும் இடம் என்று பலகை காட்டிய இடத்தில் திண்டிவனம் வண்டி நின்றது. இருவரிடம் கேட்டேன்; ஒருவர் வலப்பக்கம் கைகாட்டினார், மற்றவர் இடப்பக்கம். கடைசியில் கிடைத்த இருக்கை பின்சக்கரத்துக்கு நேர் மேலே. எழுபத்திரண்டு வயதில் இடுப்புக்கு அது தண்டனை. கட்டணம் நாற்பத்திரண்டு ரூபாய். ஜன்னல் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

போகும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் பட்டு நூல் வியாபாரம் செய்யும் துரைசாமி, வேலூரில் கல்லூரியில் என்னோடு படித்தவன். அவனுடைய ஒரே மகன் செல்வம், முப்பத்தைந்து வயது, கப்பலில் செகண்ட் இன்ஜினியர். இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் நிலக்கரி ஏற்றிச் செல்லும் கப்பல் அது. அதே கப்பல் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் சரக்குப் பதிவுப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். செல்வத்தை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். இப்போது அவனுக்குப் பனாமா கொடி பறக்கும் கப்பலொன்றில் வேலை வந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சென்னையிலுள்ள ஏஜென்சிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "நீ வந்து ஒரு வார்த்த சொல்லுப்பா. என் பேச்சு அவன் காதுல ஏறல. நம்ம கப்பல விட்டுட்டு அவன் போவக்கூடாது" என்று துரைசாமி தொலைபேசியில் சொன்னான். எனக்கும் அதே எண்ணம்தான். ஆகவே புறப்பட்டேன்.

பூந்தமல்லி தாண்டியதும் நால்வழிச் சாலை. ஸ்ரீபெரும்புதூர் வரை எதிரே வந்த கன்டெய்னர் லாரிகளை எண்ணினேன், முப்பத்தொன்று. கார்களை இரண்டடுக்காக ஏற்றி வடக்கே போகும் நீள வண்டிகள் ஆறு. இவற்றில் பாதியாவது கடல் வழியே போகலாமே என்ற ஆற்றாமை எனக்கு எப்போதும் உண்டு. ஒரு டன் சரக்கை டீசல் குறைவாகச் செலவழித்துக் கொண்டு சேர்ப்பதில் கப்பலுக்கு லாரி ஈடில்லை. இதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆரணியில் அரிசி மண்டி வைத்திருப்பவர்.

"கப்பல்லயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம அரிசிய கல்கத்தாவுக்கு ஒருவாட்டி அனுப்பலாம்னு விசாரிச்சேங்க. இங்க லாரில ஏத்தணும், ஹார்பர்ல எறக்கணும், கப்பல் எப்போ வரும்னு காத்துகினு இருக்கணும், அங்க போயி மறுபடி லாரி. மூட்ட மேல எத்தினி கை படும்? லாரிக்காரன் மண்டி வாசல்ல ஏத்தி அங்க கட வாசல்ல எறக்குறான். பேஜாரே இல்ல."

"கப்பல்கள் அதிகமானால் காத்திருக்க வேண்டாம்."

"அதிகம் ஆவட்டுங்க. அப்புறம் பேசலாம்" என்றவர், காஞ்சிபுரம் வரும்வரை தூங்கினார். தலை என் தோளில்.

கடலுக்குப் போகாத வாசகர்களுக்காகச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியத் துறைமுகம் ஒன்றில் ஏற்றி இன்னொன்றில் இறக்கும் சரக்கை நம் கொடியுள்ள கப்பல்தான் சுமக்கலாம். நம் கப்பல் கிடைக்காவிட்டால் அரசிடம் உரிமம் பெற்று வெளிநாட்டுக் கப்பலை அமர்த்திக்கொள்ளலாம். தொண்ணூறுகளில் நாட்டின் மற்றக் கதவுகளெல்லாம் திறந்ததிலிருந்து இந்தக் கதவையும் திறந்துவிடுங்கள் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். போட்டி வந்தால் கூலி குறையும், சாலையில் நெரிசல் குறையும் என்பது அவர்கள் வாதம். மறுசாரார் சொல்வது: நம் கடலோரக் கப்பல் எண்ணெய்க்கு வரி கட்டுகிறது, அதன் சிப்பந்திகள் சம்பளத்துக்கு வரி கட்டுகிறார்கள், இந்தச் சுமை எதுவும் இல்லாதவனோடு ஓடச் சொல்வது பந்தயமே இல்லை, ஒரு நெருக்கடி வந்தால் அந்நியன் கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான், நம்மிடம் கப்பலும் இருக்காது, ஓட்டத் தெரிந்தவனும் இருக்கமாட்டான். நான் மறுசாராரில் ஒருவன். நாளிதழ்களுக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன், நான்கு வெளியாகியிருக்கின்றன.

காஞ்சிபுரத்தில் கால் மணி நேரம். தேநீர் மூன்று ரூபாய், அதில் பாதி நுரை. செய்யாறு தாண்டியதும் சாலை குறுகி, இருபுறமும் அரிசி ஆலைகளின் உமிப்புகை. பத்து இருபதுக்கு ஆரணிப் பேருந்து நிலையம். துரைசாமி டி.வி.எஸ். வண்டியோடு காத்திருந்தான். பையைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வீட்டின் முன்பகுதி நூல் கடை. உள்ளே செல்வம், அவன் மனைவி கலைவாணி. இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். "வாங்க மாமா" என்றான் செல்வம். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் சாப்பாட்டுக்கு முன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் கடையில் உட்கார்ந்தபோது துரைசாமியே ஆரம்பித்தான், ஆனால் வேறு முனையிலிருந்து. சீனப் பட்டு நூல் வரத்தில் ஏதோ தடங்கலாம்.

"சைனா நூலு மேல வரி மேல வரி போட்டாக்க தறிக்காரன் இன்னாத்த நெய்வான்? பெங்களூர் நூலு அவ்ளோ எங்க கெடைக்குது?"

"பட்டுப்பூச்சி வளர்க்கும் விவசாயி பிழைக்க வேண்டாமா?"

"அவன் பொழைக்கட்டும். என் நூலத் தொறந்து விடச் சொல்லு."

"சரி. விசைத்தறியில் பட்டுப் புடவை நெய்கிறார்களே, அதையும் திறந்து விடலாமா?"

"அது எப்பிடி? கைத்தறிக்குன்னு சட்டத்துல ஒதுக்கின பொடவ. அத மெஷின்ல நெய்றது அநியாயம்."

"உன் தம்பி பெருமாள் அதைத்தானே செய்கிறான்?"

"அவன் தனிக் குடும்பம்" என்றான் துரைசாமி. உள்ளேயிருந்து கலைவாணி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போப்பா. நீ மட்டும் இன்னாவாம்? ஒனக்குக் கப்பல்ல வேலி வேணும். எனக்கு நூல்ல வேணாம், பொடவையில வேணும். அவனவன் வாசல்ல மட்டும் வேலி கேக்குறோம்."

மாலை ஐந்தரைக்குத் தெருவில் நடந்தோம். பிள்ளையார் கோயிலிலிருந்து குழாயடி வரை வளைவில்லாத நேர்த்தெரு; என் நடையில் எழுபத்தெட்டு தப்படி. இந்த நீளத்துக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. மூன்று புடவைக்கான பட்டு இழைகளைத் தறியில் ஏற்றுமுன் முழு நீளத்துக்கும் விரித்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்துச் சுருட்ட வேண்டும். அந்த இழைத்தொகுதிக்குப் பாவு என்று பெயர். வீட்டுக்குள் இடம் போதாது, தெருவில்தான் நீட்டவேண்டும். அதுவும் விடியற்காலையில். வெயில் ஏறினால் இழை காய்ந்து பட்பட்டென்று அறும்.

கோயிலுக்கு அருகே ஒரு முளைக்குச்சி அடித்திருந்தது. துரைசாமி விளக்கினான். ஒரு நேரத்தில் ஒரு பாவுதான் நீட்ட முடியும். தெருக்காரனுக்குத்தான் முதல் உரிமை. முந்தின மாலை யார் முளை அடிக்கிறானோ மறுநாள் காலை அவன் முறை. முளை இல்லாத நாளில் வெளித்தெருக்காரன் வந்து கேட்டால் விடலாம்.

எனக்கு உற்சாகம் தாளவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் செல்வத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "பார், உன் தெருவிலேயே இருக்கிறது கடலோரச் சட்டம். நம்மவனுக்கு முதல் முறை. நம்மவன் இல்லாவிட்டால் மற்றவனுக்கு. இதில் என்ன தவறு? இந்த விதி இல்லாவிட்டால் இந்நேரம் இங்கே லாரி ஷெட் வந்திருக்கும். நீங்கள் எல்லோரும் வெளிநாட்டுக் கப்பலுக்குப் போய்விட்டால் நம் கப்பலை யார் ஓட்டுவது?"

அவன் மறுத்துப் பேசவில்லை. "காலையில நானும் சீக்கிரம் ஏந்திருவேன் மாமா. தெருவுல கொஞ்சம் நின்னு பாக்கலாம்" என்றான். கொசுவர்த்தியும் ஒரு மின்விசிறியும் தந்தார்கள். விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும்தான் சுற்றியது.

சனிக்கிழமை. ஐந்தே காலுக்கு விழித்துவிட்டேன். தெருவில் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். தேவிகாபுரத்திலிருந்து வந்து அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கும் நெசவாளர்கள். அந்தத் தெருவில் ஆட்டோக்கள் நிற்பதால் இடமில்லை. துணியில் சுற்றிய பாவை அந்தப் பெண் குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தாள். கல்யாணப் புடவையாம். தறி இரண்டு நாளாகச் சும்மா நிற்கிறதாம்.

முளை அடித்திருந்தது. தெரு காலியாக இருந்தது. ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. முளை அடித்தவர் வரவில்லை.

"யார் அடித்தது?" என்று செல்வத்திடம் கேட்டேன்.

"சித்தப்பா."

"பெருமாளா? அவனுக்கு விசைத்தறி அல்லவா? பாவெல்லாம் மெஷினிலேயே ஓட்டுவார்கள் என்றானே உன் அப்பா?"

"ஆமா மாமா. பாவு கெடையாது. ஆனா வாரத்துல ரெண்டு நாளு முளை மட்டும் அடிச்சிடுவாரு. அடிக்காம வுட்டா உரிமை போயிடுமாம். வெளித்தெருக்காரங்க பழகிடுவாங்களாம்."

"பிடுங்கிவிட்டு இவர்கள் நீட்டிக்கொள்ளலாமே?"

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அடுத்தவங்க முளையில நாங்க கை வெக்க மாட்டோங்க. கை வெச்சது தெரிஞ்சா வேற தெருவுலயும் எங்கள வுட மாட்டாங்க" என்றாள். அவள் கணவன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிழக்கே அரிசி ஆலைப் புகைக்கு மேல் வெளிச்சம் வந்துவிட்டது.

ஆறரைக்குத் துரைசாமி தெருக்கோடியில் இருக்கும் பெருமாள் வீட்டுக்குப் போய் அவனை எழுப்பிக் கூட்டிவந்தான். பெருமாள் லுங்கியோடு, பல்துலக்கும் பிரஷ்ஷோடு வந்தான்.

"இன்னாண்ணே, இதுக்கா என்ன எழுப்பினே? நான் வரலன்னா நீட்டிக்க வேண்டியதுதானே? நான் இன்னா வேணாம்னா சொன்னேன்?"

"வேணான்னு நீ சொல்லல. ஒன் குச்சி சொல்லுது" என்றான் துரைசாமி.

"தெரு உரிமைய வுட்டுக் குடுக்கச் சொல்றியா? இன்னிக்கி இவங்க, நாளைக்கி ஊரே வரும்" என்று சொல்லிக்கொண்டே பெருமாள் முளையைப் பிடுங்கிக் கொடுத்தான். கோபமில்லை, சிரித்த முகம்தான். தம்பதி அவசர அவசரமாகப் பாவை விரித்தார்கள். செல்வமும் ஒரு முனையைப் பிடித்தான். பாதி முடிவதற்குள் வெயில் வந்துவிட்டது. இழைகள் அறத் தொடங்கின. அந்தப் பெண் முடிந்துகொண்டே போனாள். அவள் முடிவதைவிட வேகமாக அறுந்தது. ஏழே முக்காலுக்கு முடிக்காமலே சுருட்டிவிட்டார்கள். "அடுத்த பாவ மெஷினுக்கே குடுத்துடலாம்" என்று அவள் தன் கணவனிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. மெஷின் பெருமாளுடையது.

செல்வம் கைகழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்போதுதான் சொன்னான்.

"போன நவம்பர்ல பாரதீப்புக்கு வெளியில நங்கூரம் போட்டு இருபத்தாறு நாளு கெடந்தோம் மாமா. ரெண்டு ஜெனரேட்டரும் போச்சு. ஸ்பேர் வரல. வெறும் எமர்ஜென்சி வெளக்கு, தண்ணி ரேஷன். கரையில நிலக்கரி மலையா கெடக்குது. மின்நிலையத்துக்காரங்க வெளிநாட்டுக் கப்பல் ஒண்ணு எடுத்துக்க உரிமம் கேட்டாங்க. நம்ம கம்பெனி எழுதிக் குடுத்துச்சு, எங்க கப்பல் தயாரா இருக்குதுன்னு. உரிமம் நின்னுபோச்சு. ஜெனரேட்டர்ல கை வெச்சிகினு நிக்கிறவன் நானு. மூணு மாசச் சம்பளம் இன்னும் வரல."

பதில் சொல்ல வாயெடுத்தேன். எண்ணெய் வரி, சம்பள வரி, வங்கிக் கடன் வட்டி, இவையெல்லாம் சேர்ந்துதான் நம் கம்பெனிகளுக்கு ஸ்பேர் வாங்கப் பணமில்லாமல் போகிறது என்று சொன்னேன். சொன்னது அத்தனையும் உண்மை. "இருக்கலாம் மாமா" என்றான். அவன் பணிவாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

பகல் பன்னிரண்டரை. சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு கொஞ்சம் கூட, சொல்லவில்லை. துரைசாமிக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா வந்துருக்கறதே ஒனக்கு எடுத்துச் சொல்லத்தான். பனாமாவாம். ஒரு கொடிய வாடகைக்கு விடுற நாடு. இங்க இருந்தா ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி எண்ணூர்ல கப்பல் நிக்கும், அஞ்சு மணி நேரத்துல வூட்டுக்கு வந்துடுவ. அங்க போனா ஒம்போது மாசம். எனக்கு ஒண்ணுன்னா யாரு வருவாங்க?"

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது, நூல் வெல கொறையுற வரைக்கும்" என்றான் செல்வம். யாரும் சிரிக்கவில்லை.

அதுவரை பேசாமல் பரிமாறிக்கொண்டிருந்த கலைவாணி கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"மாமா, நீங்க கணக்கா சொல்றவங்க. அந்தக் கப்பல் இன்னும் எத்தினி வருஷம் ஓடும்?"

துரைசாமி என்னையே பார்த்தான். பத்து வருடம் ஓடும் என்று நான் சொல்லியிருந்தால் அவன் மகன் இங்கேயே இருந்திருப்பானோ என்னவோ. அந்தக் கப்பல் வாங்கப்பட்டபோது அலுவலகத்தில் இருந்தவன் நான். அப்போதே அது பழைய கப்பல். இப்போது இருபத்து நான்கு வயது. அடுத்த டிரை டாக்கில், அதாவது கப்பலை நீர் வற்றவைத்த தளத்தில் நிறுத்திச் செய்யும் சோதனையில், அடிப்பகுதித் தகடுகளை மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவைக் கம்பெனி செய்யாது, உடைக்கத்தான் விற்கும்.

"இரண்டு வருடம்" என்றேன். "அடுத்த டிரை டாக் வரை."

"அதுக்கப்புறம் வேற கப்பல் வாங்குவாங்களா?"

"கடலோரம் நமக்கே என்று உறுதியாக இருந்தால் வாங்குவார்கள் என்றுதான் நாங்கள் சொல்கிறோம்."

"இத்தினி வருஷம் உறுதியாத்தானே இருந்துது மாமா?"

நான் தட்டை நகர்த்தினேன். கலைவாணி மோர் ஊற்றினாள்.

நான்கு மணிக்குச் செல்வம் கடைத் தொலைபேசியிலிருந்து ஏஜென்சியை அழைத்தான். வருகிறேன் என்றான், ஏப்ரல் பத்தாம் தேதி சிங்கப்பூரில் ஏற வேண்டும். துரைசாமி நூல் கண்டுகளை வகை பிரித்துக்கொண்டிருந்தான், ஏற்கெனவே பிரித்து வைத்தவற்றை.

ஐந்தரைக்குப் பேருந்து நிலையம். செல்வம் கொண்டுவிடுவதாகச் சொன்னான், துரைசாமி விடவில்லை. தானே வண்டியை எடுத்தான். வந்தவாசி வழியாகப் போகும் வண்டியில் இந்த முறை நல்ல இருக்கை கிடைத்தது, நடுவில், ஜன்னலோரம். துரைசாமி ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

"ஒன்ன வரச்சொன்னதுக்கு நல்லா செஞ்சிட்டுப் போற."

"பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"வேணாம்பா. சொல்லியிருந்தா அவ கண்டுபிடிச்சிருப்பா."

நடத்துனர் இன்னும் ஏறவில்லை. நான் பேசிக்கொண்டே போனேன். எனக்கே ஒரு தெளிவு தேவைப்பட்டது. கதவைத் திறந்துவிடுங்கள் என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் முறை எனக்கு என்று கேட்பவன் குறித்த நேரத்தில் கப்பலோடு வந்து நிற்கவேண்டும். வராவிட்டால் அந்த முறை தானாகவே மற்றவனுக்குப் போகவேண்டும், அவனை எழுப்பிக் கேட்கும் வரை சரக்கு காத்திருக்கக் கூடாது. அதேபோல நம் கப்பலிடம் வாங்கும் வரிகளை வைத்துக்கொண்டே கடலை மட்டும் திறந்துவிடுவதும் நேர்மையில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுது, எழுது" என்றான் துரைசாமி. அவன் காதில் ஒன்றும் விழவில்லை.

இரு தரப்பு அறிக்கைகளையும் நான் வரிவரியாகப் படித்தவன். டன்னுக்கு இவ்வளவு கூலி, இத்தனை கப்பல், இத்தனை சிப்பந்தி என்றெல்லாம் இருக்கும். எண்ணூரில் கப்பல் நின்றால் மகன் ஐந்து மணி நேரத்தில் ஆரணி வந்துவிடுவான் என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

நடத்துனர் ஏறி விசில் கொடுத்தார். துரைசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏப்ரல் பத்துன்றான். ஒம்போது மாசம். எப்போ வருவான், கணக்குப் போட்டுச் சொல்லு."

"ஜனவரி பத்து."

"அப்பிடின்னா பொங்கலுக்கு வந்துடுவான்."

ஒப்பந்தம் முடிகிற நாளில் கப்பல் எந்தக் கடலில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மாற்று ஆள் ஏறுகிற துறைமுகம் வரும்வரை இறங்க முடியாது. பதினைந்து நாள், இருபது நாள் தள்ளிப்போவது வழக்கம். தள்ளிப்போகாத ஒருவனை நான் பார்த்ததில்லை.

"வந்துடுவான்" என்றேன்.

அவன் கம்பியை விட்டான். வண்டி வளைவில் திரும்பும்வரை அங்கேயே நின்றான். நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டரும் அந்தப் பதினைந்து நாளைத்தான் கணக்கிட்டுக்கொண்டு வந்தேன்.